ஷார்ட்டனிங் போட்ட பிஸ்கட்

என் சமையல் நோட்டில் எதற்கும் முழுப் பெயர் கிடையாது. சீனிக்கு ‘சீ’, மாவுக்கு ‘மா’, ஷார்ட்டனிங் என்கிற வெள்ளைக் கொழுப்புக்கு ‘ஷா’. சோம்பேறித்தனம்தான், வேறென்ன. சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு விற்கிற எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தைப்பூசத்துக்கு முன்பு, ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஒரு டின் கொண்டுபோனேன். செம்பனைக் குலை வெட்டும்போது சிராய் விழுந்து அண்ணனின் வலது கண் கெட்டுப்போய், அறுவைக்குப் பிறகு தேறிவந்த சமயம். அந்தக் கண்ணுக்காக அண்ணி பால்குடம் நேர்ந்துகொண்டு ஒரு மாதமாகச் சைவம். முட்டை சேர்க்காமல் சுட்டதில் எனக்கு ஏகப் பெருமை.

இரண்டு தின்ற பிறகு அண்ணி கேட்டார். “வாயில போட்டதும் கரையுதே, நெய்யா?”

“இல்லண்ணி, ஷார்ட்டனிங்.”

“அப்படின்னா?”

“கொழுப்புலா அண்ணி.”

நுணலும் தன் வாயால் கெடும். அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

“என்னா கொழுப்பு? மாட்டுக் கொழுப்பா?”

எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார். நான் வாங்கி வருவேன். ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணி சத்தம் போடவில்லை. “அவரு கண்ணுக்காக இருந்த விரதம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்து, சாமி அறையில் போய் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாங்கிய கடையிலேயே கேட்டுவிடலாம் என்று காரை எடுத்தேன்.

சிரம்பான் கடையில் சீனக் கடைக்காரர், “சாயூர் லா, சாயூர்,” என்று கையை ஆட்டினார். காய்கறிக் கொழுப்பாம். என் வாய்ச்சொல்லை அண்ணி இனி நம்ப வேண்டுமே! பெட்டியின் மூடியையே கிழித்துத் தரச் சொல்லி வாங்கி வந்தேன்.

அண்ணனிடம் நீட்டினேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. அவர் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“மின்யாக்... சாவிட். நம்ம செம்பனை எண்ணெதான். நான் வெட்டுனதாக்கூட இருக்கும்.”

அண்ணி அட்டையைப் பார்க்கவே இல்லை.

“அந்தக் கண்ணாலயா படிச்சீங்க?” என்று கேட்டு, அங்கேயே அழ ஆரம்பித்தார்.