சைக்கிள் விற்க வந்தவர்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய கார் நிறுத்துமிடம் ஒன்று முழுக்கச் சந்தையாகியிருக்கிறது. கார் டிக்கியைத் திறந்துவைத்து, வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பீங்கான் தட்டுகளையும் குழந்தைகளின் பனிக்கால பூட்ஸ்களையும் விற்கிறார்கள்.

ஒரு கார் அருகே தமிழ்ப் பேச்சு காதில் விழ, நிற்கிறேன். யாழ்ப்பாணத் தம்பதி. கணவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பச்சை சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விலை கேட்டு வருகிறவர்களிடம் செயின் கழலும், கியர் மாறாது என்று அவரே குறை சொல்லி அனுப்பிவிடுகிறார்.

“விக்கத்தானே கொண்டுவந்தீங்க, அண்ணே?”

“ஓம் தம்பி. இனி சைக்கிள் ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

மனைவி சிரிக்கிறார். “இதிலதான் இவ்வளவு காலமும் ரெஸ்ரோரண்ட் வேலைக்குப் போனவர். குடுக்க மனம் வருகுதில்லை.”

முக்காடிட்ட ஒரு பெண் வந்து, தயங்கித் தயங்கி ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்கிறார். அதை யாழ்ப்பாணத்து அக்கா எனக்குத் தமிழில் சொல்கிறார்: “சிரியாவில இருந்து வந்தவவாம். கிளீனிங் வேலை கிடைச்சிருக்காம். விடியக்காலமை பஸ் இல்லை. ஆனா சைக்கிள் ஓடத் தெரியாதாம்.”

இம்முறை கணவர் குறை எதுவும் சொல்லவில்லை. சீட்டைத் தாழ்த்தி, அந்தப் பெண்ணை ஏற்றி, காலியான ஓரத்தில் பின்னாலிருந்து பிடித்தபடி ஓடுகிறார். சைக்கிள் இரண்டு முறை சாய்கிறது. பிறகு நேராகப் போகிறது. அவர் மெல்லக் கையை எடுத்துவிடுகிறார்.

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பாமலே ஏதோ கத்திக் கேட்கிறார்.

“பிடிச்சிருக்கிறீங்களோ எண்டு கேக்கிறா,” என்கிறார் அக்கா.

வெகுதூரம் பின்னால், வெறுங்கையோடு நிற்கும் கணவர் தமிழிலேயே பதில் கத்துகிறார்: “ஓம், ஓம், பிடிச்சிருக்கிறன். நீங்க ஓடுங்கோ!”