பச்சிலை வைத்தியர்

ஸ்கேலை அழுத்திப் பிடித்து, நாக்கு நுனியைக் கொஞ்சம் வெளியே நீட்டி, தாளை நான்காகக் கிழித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்கள். மறுபக்கம் வெள்ளையாக இருக்கிறதல்லவா, அது போதும். துண்டுகளை அடுக்கி, ஒரு கிளிப்பைப் போட்டு, மேஜையின் வலது ஓரத்தில் வைக்கிறார். இந்தத் திருப்பணி முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறப்பார். யாராவது புதுத் தாளில் இரண்டு வரி எழுதி நீட்டிவிட்டால் போச்சு. "இது எங்கேருந்து வருதுன்னு தெரியுமாய்யா? மரம்யா, மரம்!" என்று நெஞ்சைத் தொட்டுக்கொள்வார், மரம் அங்கேதான் முளைத்திருப்பதுபோல.

ஊரெங்கும் கிளைகள் வைத்திருக்கும் பெரிய கடை அது. அதன் தலைமை அலுவலகத்தில், நான்காவது மாடியில், அவருக்குத் தனி அறை. கடையில் விற்கிற கட்டில், பெஞ்சு, நோட்டுப் புத்தகம், கை துடைக்கும் தாள் எல்லாவற்றுக்கும் மரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அவர் வேலை. காட்டை அழிக்காமல் வந்த மரம் என்று அவர் சொன்னால், பொருளின் மேல் பச்சை இலை முத்திரை ஒட்டுவார்கள். அவர் சொல்லாமல் இருந்ததில்லை. அதனால் கீழே கிடங்கில் அவருக்குப் பச்சிலை வைத்தியர் என்று பெயர். எந்தப் புண்ணைக் கொண்டுபோனாலும் மேலே ஓர் இலையை வைத்து அனுப்பிவிடுவாராம். அந்தப் பெயர் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மரத்தை அவர் பார்ப்பதில்லை, சான்றிதழைத்தான் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தேதி, கையெழுத்து, சீல், எழுத்துப்பிழை எதுவும் தப்பாது. "மரத்தைத் தடவிப் பார்த்து என்னய்யா தெரியப்போகுது? பேப்பர் க்ளீனா இருக்கா, அதைச் சொல்லு" என்பார். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், சான்றிதழில் கம்பெனி சீல் தலைகீழாக விழுந்திருந்தது என்பதற்காக. அந்தக் கம்பெனிக்காரன் மத்தியானத்துக்குள் நேராகக் குத்திக்கொண்டு வந்தான். சாயங்காலம் இலை விழுந்தது. அந்தக் கதையை இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்கிறார்.

வீட்டிலும் இதே அழிச்சாட்டியம்தான். மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் விசாரணை. கிழித்த தாள் எங்கே, ஏன் கிழித்தாய், மறுபக்கம் எழுதினாயா? மனைவிக்கு அலுத்துவிட்டது. "காட்டை எல்லாம் ஆபீஸ்ல போய்க் காப்பாத்துங்க. குழந்தைய நிம்மதியா படம் வரைய விடுங்க" என்று நோட்டைப் பிடுங்கி மகளிடம் கொடுத்துவிடுவாள்.

ஒன்றும் தெரியாத மனுஷர் என்றால் மன்னித்துவிடலாம். காட்டைப் பற்றியே பட்டம் வாங்கியவர், அதுதான் கொடுமை. அறைச் சுவரில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலை நிறைய முடி, இரண்டு கைகளாலும் ஒரு பெரிய மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கைகள் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை. அறைக்கு வருகிறவர்களிடம், "இதுக்கு என்ன வயசிருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" என்று கண்ணைச் சிமிட்டுவார். அவர்கள் முழிப்பார்கள். "நூத்திப் பத்து! பக்கத்துல விழுந்து கிடந்த மரத்துல வளையத்தை நானே எண்ணினேன். வருஷத்துக்கு ஒண்ணு, பொய்யே சொல்லாது" என்பார்.

போன வியாழக்கிழமை அந்த அறைக்குள் ஒரு பெஞ்சுப் பலகை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள், சரக்கு மாதிரிகளைச் சோதிக்கிற அறையில் வேலை பார்க்கிற பெண். வருகிற சரக்கில் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்துச் சீட்டு எழுதுவது அவள் வேலை. சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

வந்த நேரம் சரியில்லை. திங்கட்கிழமை விழா. "எங்கள் மரம், நூற்றுக்கு நூறு பொறுப்பான மரம்" என்று கடை வாசலில் கட்டப் பதாகை அடித்து வைத்தாயிற்று. மேடையில் அவருக்கு மாலை, கூடவே துணைத் தலைவர் பதவி. நூறில் பாக்கி இருந்தது அந்தப் பலகையோடு வந்த ஆறாயிரம் பெஞ்சுதான்.

அவள் பலகையை மேஜைமேல் படுக்க வைத்து, அறுத்த முனையை அவர் பக்கம் திருப்பினாள். ஒன்றரைச் சாண் அகலம். அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஆறு புள்ளிகள் வைத்திருந்தாள்.

"தோப்பு போட்டே பதினஞ்சு வருஷம்தான்னு சர்டிஃபிகேட்ல இருக்கு சார். இதுல அறுபத்தி மூணு வளையம் இருக்கு. பத்துக்கு ஒரு புள்ளி வச்சிருக்கேன். நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். கட்டைவிரல் நகம் வளையம் வளையமாக நகர்ந்தது. உதடுகள் அசைந்தன. இரண்டாவது புள்ளியைத் தொடுமுன்பே விஷயம் முடிந்துவிட்டது. ஆனாலும் நான்காவது புள்ளிவரை போனார், அந்த போட்டோவில் நிற்கிற பையனின் பழக்கம். அங்கே நகம் நின்றது. நிமிர்ந்தவர் போட்டோ இருந்த பக்கம் திரும்பவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு மழை பெஞ்சா ரெண்டு வளையம் விழும்மா."

"அப்பக்கூட முப்பதுதானே சார் வரணும்?"

"நாலு மழை பெஞ்சிருக்கலாம்ல?"

சொன்ன பிறகு அவருக்கே காது கூசியிருக்க வேண்டும். பேச்சை மாற்றினார். "ஆமா, நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"இதுக்குன்னு படிக்கல சார். எங்கப்பா மர அறுவை மில் வச்சிருக்கார். வளையம் எண்ணித்தான் எனக்கு எண்ணிக்கையே வந்துச்சு."

"அதெல்லாம் ஒரு படிப்பாம்மா?" என்று சிரித்தார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டார். "இங்க பாரு, சரக்கு கிடங்குல வந்து நிக்குது. பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. உன்னை இன்னும் பெர்மனென்ட் பண்ணல, ஞாபகம் இருக்குல்ல? அந்தப் பேப்பரும் என் டேபிளுக்குத்தான் வரும்."

அவள் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள். மாதிரிச் சீட்டில், நின்றபடியே எழுதினாள்: "வளையம் 63. தோப்பு மரம் இல்லை, காட்டு மரம். அனுமதிக்கக் கூடாது." கீழே முழுப் பெயரையும் தேதியையும் போட்டு, சீட்டை அவர் முன்னால் வைத்தாள். "கையெழுத்து போட்டுட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வேலை இருக்குமா போகுமா என்று அவளுக்கே தெரியாது.

வைத்தியர் பயந்துவிடவில்லை. அவரே எழுதிய விதிப் புத்தகம் ஒன்று உண்டு. வழவழப்பான தாளில், பொன்னிற அட்டை போட்டு, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய புத்தகம். அதில் முப்பத்தொன்றாம் பக்கத்தில், அவசரமென்றால் மாதிரிச் சீட்டு இல்லாமலே அதிகாரி அனுமதி தரலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எந்த ஞானத்தில் அதை எழுதி வைத்தாரோ! அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பலகைதான் இன்னும் மேஜைமேல் கிடந்தது, ஆறு புள்ளிகளோடு. இழுப்பறையைத் திறந்து ஒரு முத்திரையை எடுத்தார். வட்டமான சின்ன இலை. வழக்கமாகப் பெஞ்சின் அடியில் ஒட்டுவது. அதை முனையின்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு புள்ளிகள்தான் மறைந்தன. எடுத்துவிட்டு, பெரிய அலமாரிகளுக்கு ஒட்டுகிற நீளப் பட்டையை எடுத்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டைவிரலால் மூன்று முறை தேய்த்தார், எதை ஒட்டினாலும் அவர் அப்படித்தான் தேய்ப்பார். கிடங்குக்குப் போன் போட்டு, "இனிமே பெஞ்சுக்கு அடியில ஒட்டாதீங்க. ரெண்டு முனையிலயும் ஒட்டுங்க, பெருசா. கஸ்டமர் கண்ணுக்கு அப்பத்தான் பளிச்சுன்னு தெரியும். ஆர்டர் எழுதி அனுப்பறேன்" என்றார்.

எழுத ஒரு தாள் வேண்டுமே. வலது ஓரத்துத் துண்டுகளை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. அவள் வைத்துவிட்டுப் போன சீட்டை எடுத்துத் திருப்பினார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. அதில், "இலை முத்திரை, நீளம், பன்னிரண்டாயிரம், அவசரம்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.