முடிவை மட்டும் மாத்திக் குடுங்க

"…அந்தப் புள்ள மட்டும் சாவாம இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க, எம் பையன் கண்ணாலத்துக்குத் தாம்பூலப் பையில உங்க புஸ்தகந்தானுங்க அம்மணி. இருக்கறதை எல்லாம் நானே எடுத்துக்கறேன். முடிவை மட்டும் மாத்திக் குடுத்துருங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த அக்கா இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, இடுப்புப் பக்கம் பிடிக்க வேண்டிய இடத்தில் நான் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். மிச்சக் குண்டூசிகள் என் வாயில் இருந்தன. அதனால் உடனே பதில் சொல்ல வேண்டிய தொல்லை இல்லை.

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில், கோவை போத்தனூரில், எங்கள் வீட்டு முன்னறையில். அந்த அறைதான் என் தையல் கடை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்து எனக்கு வந்தது புத்தகத்திலிருந்து இல்லை, அளவு கொடுக்க வந்தவர்களின் வாயிலிருந்து. கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கும்போது பெண்கள் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். ரவிக்கை பிடிக்கிறது என்று சொல்ல வந்த ஒருவர், "கையைக் கீழ வெச்சா நானு, மேல தூக்குனா வேற யாரோ" என்பார். மருமகளைப் பற்றி இன்னொருவர், "அவ கோவிச்சுட்டா நாள் முச்சூடும் எங்கூட்ல மிக்சி மட்டுந்தானுங்க பேசும்" என்பார். அவர்கள் படியிறங்கியதும் நான் கைப்பேசியை எடுத்து அதை அப்படியே தட்டி வைத்துக்கொள்வேன். சேர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் பார்த்தால் அந்தப் பேச்சுக்கெல்லாம் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் நாவல் ஆரம்பித்தது. முழுக்கவும் கைப்பேசியிலேயே, காஜா எடுக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதினேன்.

பல்லடம் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் இரண்டு சிநேகிதிகளின் கதை அது. ஒருத்தி தைரியசாலி, மொபெட் ஓட்டுவாள், முதலாளியிடம் வாயாடுவாள். இன்னொருத்தி அவள் பின்னால் உட்கார்ந்தே போய் வருகிறவள். கடைசியில் தைரியசாலி காய்ச்சலில் இறந்துபோவாள். அடுத்த நாள் விடியற்காலையில் மற்றவள் தானே மொபெட்டை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய், தன் வரிசையையும் அவள் வரிசையையும் சேர்த்து முட்டை பொறுக்குவாள். அதோடு கதை முடிகிறது.

பதிப்பகத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். பதில் வரவில்லை. புதுத் தையல் மிஷினுக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து, டவுன்ஹால் பக்கம் ஒரு அச்சகத்தில் நானே புத்தகம் போட்டேன். பண்டல் பண்டலாக ஆட்டோவில் வந்து இறங்கியது. சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், மாதா கோயில் ஆட்கள் வாங்கினார்கள். எல்லாரும் "நல்லாயிருக்குதுங்க" என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. மிச்சப் பண்டல்கள் மிஷினுக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. வருகிறவர்கள் அதன் மேல் கைப்பையை வைத்தார்கள். ஒருவர் குழந்தையையே உட்கார வைத்தார்.

இந்த நிலையில்தான் அந்த அக்கா அப்படிச் சொன்னார். பல்லடத்தை ஒட்டி அவர்களுக்குச் சொந்தமாகத் தறிக்குடோன் இருக்கிறது. தங்கை மகளை எங்கள் தெருவில் கட்டிக் கொடுத்திருப்பதால் பல வருடமாக என்னிடம்தான் தைக்கிறார். போன தடவை வந்தபோது ஒரு புத்தகம் எடுத்துப் போயிருந்தார்.

"படிச்சீங்களாக்கா?" என்று குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"தறி ஓடறப்பப் படிச்சனுங்க. நல்லவேளை, நானு அழுதது அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கலை. அதுக்குத்தானுங்க சொல்றேன். இத்தனை நல்லா எழுதிப்போட்டு அந்தப் புள்ளையச் சாகடிச்சுட்டீங்களே. நல்ல காரியத்துல சாவைக் கையில குடுத்து அனுப்ப முடியுங்களா? எல்லாரும் டிபன் டப்பாத்தான் குடுக்கறாங்க. எங்கூட்டு டப்பாவையெல்லாம் அடுக்குனா கூரை ஓட்டைத் தாண்டிரும். நம்ம கொஞ்சம் மாத்திக் குடுக்கலாமுன்னு ஒரு ஆசை."

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். பதிப்பகத்தின் மூலம் வந்த புத்தகம் என்றால், அவர்களைக் கேட்க வேண்டும் என்று சாக்குச் சொல்லலாம். என் புத்தகத்துக்கு நான்தான் எல்லாம். மாற்றாதே என்று சொல்லவும் ஆள் இல்லை. அது வசதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார். கதையெல்லாம் படிக்க மாட்டார், ஆனால் பண்டல்களில் தினமும் கால் இடித்துக்கொள்வார். விஷயத்தைச் சொன்னதும், "நீ கொன்ன புள்ளதான? நீயே எழுப்பி வுட்ரு. போலீஸா வரப் போவுது?" என்றார்.

அச்சகத்துக்காரரிடம் கேட்டேன். ஒரே தாளில் பதினாறு பக்கம் அச்சாகி, அதை மடித்து அடுக்குவதை அவர்கள் பாரம் என்பார்கள். "அட்டையக் கழட்டி, கடைசிப் பாரத்தை மட்டும் எடுத்துட்டுப் புதுசு வெச்சு ஒட்டிடலாமுங்க. ஓரம் வெட்டறதுல புஸ்தகம் ஒரு நூல் சின்னதாகும், அவ்வளவுதான். கண்ணாலத்துக்குள்ள குடுத்தர்றேன்" என்றார். ஒரு ரவிக்கையைப் பிரித்துக் கையை மாற்றித் தைப்பது போலத்தான் இதுவும் என்று தோன்றியது. நான் தினமும் செய்கிற வேலை.

உட்கார்ந்து எழுதினேன். காய்ச்சல் ஆஸ்பத்திரியில் இறங்கியது. தைரியசாலி கண் திறந்தாள், நர்சிடம் வாயாடினாள், வீட்டுக்கு வந்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து முட்டை பொறுக்கினார்கள். ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் மற்றவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு அத்தியாயம் முழுக்க விழுந்து எழுந்து மொபெட் கற்றுக்கொள்கிறாள். சிநேகிதி பிழைத்துக்கொண்டதும் அவள் மறுபடி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கற்றுக்கொண்டது எதற்கு என்று ஆகிவிட்டது. இருந்தாலும் பண்டல்களைப் பார்த்தேன். சரி, இதுவே இருக்கட்டும் என்று அந்தப் பக்கங்களை ஒரு பிரிண்ட் எடுத்து, தைத்து முடித்த ரவிக்கைகளோடு பையில் வைத்துக்கொண்டு பல்லடம் பஸ் ஏறினேன்.

நான் போய் இறங்கிய அன்றைக்கு அங்கே வீடு நிறையச் சனம். கல்யாண வேலை ஆரம்பிப்பதற்கு முன் அந்த வீட்டில் இறந்தவர்களைக் கும்பிடும் நாளாம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் வைப்பதோடு எங்களுக்குச் சரி. இதை நான் பார்த்ததில்லை. ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். சுவரோரம் வாழை இலை போட்டு, அதன் மேல் புதுச் சேலை ஒன்றும் வேட்டி ஒன்றும் மடித்து வைத்திருந்தார்கள். வேட்டி அக்காவின் மாமனாருக்கு. சேலை நாத்தனாருக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரரின் தங்கைக்கு. கல்யாணம் ஆவதற்கு முன்பே இறந்துபோனவளாம். அக்கா சேலைக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து, பக்கத்தில் இருக்கும் ஆளிடம் பேசுகிற குரலில், "கண்ணு, உம்பட மருமகனுக்குக் கண்ணாலம். முன்னால வந்து நில்லு" என்றார். அழவில்லை. அடுத்ததாகப் பாயசத்துக்கு வறுக்க முந்திரி எங்கே என்று கேட்டார்.

பந்தி முடிந்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "படிங்க அம்மணி."

படித்தேன். தறி அன்றைக்கு ஓடவில்லை, அதனால் என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. நர்சிடம் வாயாடும் இடத்தில் அக்கா சிரித்தார். கடைசி வரி முடிந்ததும் கொஞ்ச நேரம் சேலை முந்தானையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். போட்டுப் பார்த்த ரவிக்கையைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒருவர் "நல்லாத்தானுங்க இருக்குது" என்று இழுத்தால், அந்த ரவிக்கை நாளைக்கே திரும்பி வரப் போகிறது என்று எனக்குத் தெரியும். இருபது வருடத் தொழில்.

பண்டல்கள் கண் முன்னால் வந்தன. இருந்தும் வாய் முந்திக்கொண்டது. "இது வேண்டாங்க்கா. பழசே இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"அட, நாந்தானுங்களே மாத்தச் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க, நானும் மாத்திப் பாத்தேன். அவ பொழைச்சுட்டா இவ வண்டி எடுக்கவே மாட்டேங்கறாளுங்க்கா. அந்த ஒரு காலைல இவ தனியா முட்டை பொறுக்கப் போறதுக்காகத்தான் நானு முழுக் கதையும் எழுதுனேன். நீங்க டப்பாவே வாங்கிக்குங்க, நானு ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"அப்படிங்களா" என்றார் அக்கா. ரவிக்கைகளை எண்ணி வாங்கிக்கொண்டார், ஒரு டம்ளர் பாயசம் குடித்தால்தான் விடுவேன் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக எல்லாம் இல்லை. வந்த ஒரே ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டேனே என்றுதான் இருந்தது. வீட்டுக்காரர், "சரி வுடு. பண்டல் இருந்தா உக்காரவாவது ஆச்சு" என்று அதன் மேல் உட்கார்ந்து ஷூ கழற்றினார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பண்டலையெல்லாம் ஆட்டோல போட்டுக் கொண்டாந்துருங்க. பழசையே."

"சாவோடயாக்கா?"

"சாவோடதானுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று திருப்பிக் கூப்பிடவும் இல்லை.

பண்டலோடு போனேன். அக்கா வீட்டுக் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காய் ஒரு குவியல், வெற்றிலை ஒரு குவியல், மஞ்சள் குங்குமப் பொட்டலம் ஒரு குவியல். என் புத்தகத்தைக் கட்டுப் பிரித்து அதற்குப் பக்கத்தில் ஒரு குவியலாக வைத்தேன். அக்காவின் கொழுந்தனார் மனைவி ஒன்றை எடுத்துப் புரட்டினார். அக்காவை விட இளையவர், துடுக்கான ஆள்.

"ஏனுங்க்கா, இந்தக் கதையில ஒரு புள்ள செத்துப் போவுதாமா? வாழப் போற சோடிக்கு வந்தவங்க கையில இதைய குடுக்கறீங்களே, பொழப்பு வெளங்குமா?"

வட்டத்தில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா வெற்றிலை அடுக்குவதை நிறுத்தவில்லை. "நம்மூட்லயும் ஒருத்தி செத்துத்தான் போனா. கண்ணாலத்துக்கு அவளைத்தான மொதல்ல கூப்புட்டோம். அவளுக்கு வெச்ச சேலையத்தான நீ இப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கற. உனக்கென்ன வெளங்காமப் போச்சு? பொருந்தித்தான இருக்குது."

கொழுந்தனார் மனைவி குனிந்து தன் சேலையைப் பார்த்தார். கும்பிட்டு முடித்த சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முந்தானையை ஒரு தடவை தடவிவிட்டு, "பொருந்தித்தான் இருக்குது. ஆனாப் பொண்ணூட்டுக்காரங்க ஏதாச்சும் சொன்னா?" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அக்கா அதை மட்டும் கொஞ்சம் யோசித்தார். "அவிங்களுக்கு டப்பா" என்றார். "அவிங்க செத்தவங்கள நமக்குத் தெரியாது, நம்ம செத்தவங்கள அவிங்களுக்குத் தெரியாது. எதுக்கு வம்பு?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

கதையின் பழைய முடிவையே விட்டது சரியா தவறா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போது அடுத்த நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையும் நானேதான் போடப் போகிறேன். அதற்குள்ளேயே மூன்று நான்கு பேர் இதை மாற்று, அதை மாற்று என்று சொல்லிவிட்டார்கள். யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. அவர்கள் சொன்னபடியே மாற்றி எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டிவிட்டு, அவர் முந்தானையை நீவுகிறாரா என்று பார்க்கிறேன். தன் வாயால் கேட்டதையே காதால் கேட்டுவிட்டு வேண்டாம் என்று வைக்க ஒரு மனசு வேண்டும், அது எழுதுகிறவளுக்கு மட்டும் இருந்தால் போதாது என்று எனக்குக் காட்டியவர் அந்த அக்காதான்.

அன்றைக்கு அக்கா பைகளை இரண்டு வரிசையாகப் பிரித்தார். பெண் வீட்டு வரிசையைத் தள்ளி வைத்துவிட்டு, தங்கள் சனத்தின் வரிசையில் முதல் பையை எடுத்து, என் புத்தகத்தை அடியில் வைத்து, அட்டை நசுங்காமல் பார்த்து, அதன் மேல் தேங்காயை வைத்தார்.