பழைய மாடலைப் பார்த்துக்கொள்பவர்

சென்னையில் காலை 8.10 பறக்கும் ரயிலில் மந்தைவெளியில் ஏறினால் அவர் மூன்றாவது பெட்டியில் இருப்பார். முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட சட்டை. மடியில், திரையில் விரிசல் விட்ட கையடக்க கேம் கருவி. அதைத் தயாரித்த கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டு நாளாகிவிட்டது. அதற்கான ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இவர்தான் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். எந்த அப்டேட்டையும் முதலில் அந்த விரிசல் கருவியில்தான் ஏற்றுவார். "இது பொழைச்சா எல்லாம் பொழைக்கும் சார்" என்பார்.

ஒருநாள் அந்தக் கம்பெனியே அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. புது மாடலை மட்டும் பார்க்க வேண்டும், பழையதை நிறுத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை.

"நான் இன்னா எழுதினேன்னு கேளு சார். சாஃப்ட்வேர் எல்லாருக்கும் தொறந்துதான் கீது, புதுசுக்கு எட்த்துக்கோ. பழசு வச்சிகினு கீறவன நடுத்தெருவுல வுட மாட்டேன்னு அனுப்பிட்டேன்."

"நல்ல சம்பளமா இருக்குமே! வித்தவங்கதானே பாத்துக்கணும்? உங்களுக்கு ஏன் வம்பு?" என்றேன்.

"கரெக்ட்டு சார். அவங்கதான் பாத்துக்கணும். அது அவங்களுக்குப் புரியற வரிக்கும் நான் பாத்துக்கினு கீறேன்."

இதற்கு நல்ல மறுப்பு ஒன்றை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இந்திரா நகரில் சிரித்தபடி இறங்கிப்போனார். நானும் அங்கேதான் இறங்க வேண்டும் என்பது திருவான்மியூரில்தான் உறைத்தது. இத்தனை வருடங்களில் நான் ஸ்டேஷனைத் தவறவிட்டது அந்த ஒரு நாள்தான்.