தோகுரா கண்டெடுத்த பிரபு

எங்கள் குசெஷிமா தீவை ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். வழியில் இருமல் வந்து நின்றால் இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். இதைப் பற்றி தோகுரா யசுஹெய் நானூறு பக்கத்தில் ஒரு வரலாறு எழுதி, தன் செலவில் அச்சடித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து திணித்தார். என் வீட்டில் அது ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

உண்மையான வரலாறு அரைப் பக்கம்கூட வராது. வடக்கே ஒரு கருங்கல் மலை. அதில் பாதியை வெட்டிப் படகில் ஏற்றி, யார் யாருடைய கோட்டைச் சுவருக்கோ அனுப்பிவிட்டார்கள். மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. தெற்கே கொஞ்சம் சமதரை, அதில் வீடுகள், வீடுகளுக்கு மேலே கோயில். ஒரே கிணறு, ஆகஸ்டில் உப்புக் கரிக்கும். கல் வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போகச் சோம்பல்பட்டு இங்கேயே தங்கிப் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவ்வளவுதான்.

யசுஹெய்க்கு இது போதவில்லை. அக்கரை நகர அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிறப்பு இறப்புச் சான்றிதழில் முத்திரை குத்திவிட்டு, ஓய்வுபெற்று, தலையில் தொப்பியும் தேவையே இல்லாத ஒரு கைத்தடியுமாக வந்து இறங்கினார். மறுநாள் முதல் அவர் அறிஞர். படகோட்டி ஒசமு கிண்டலுக்கு "வாத்தியாரே" என்று கூப்பிட்டான். மனுஷர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடலில் தைரா வம்சத்தார் போரில் தோற்றார்கள். தப்பியவர்கள் தங்கள் கொல்லையில்தான் ஒளிந்திருந்தார்கள் என்று சுற்றுவட்டத்தில் உள்ள எல்லாத் தீவுக்காரர்களும் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் புளுகு இல்லாத தீவு எங்களுடையது ஒன்றுதான். யசுஹெய் அந்தக் குறையைத் தீர்த்தார். ஒரு தைரா பிரபு இங்கே வந்து இறந்தாராம். அவருக்குக் கடைசிவரை காவல் இருந்தது தோகுரா குடும்பமாம். புத்தகத்தின் பதினேழாம் பக்கம். தோகுரா குடும்பம் எதற்குக் காவல் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாதா? அவருடைய அப்பா கனெகிச்சி கல் உடைப்பவர். மலைமேல் பாறை சரிந்து தொடை எலும்பு முறிந்து, அது கோணலாகவே ஒட்டி, சாகும்வரை விந்தி விந்தி நடந்தவர். தன் உளிக்குக் காவல் இருந்திருப்பார், வேறு எதற்கு?

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. செத்தவருக்கு இரண்டு கல்லறை. உடலை மேற்குக் கரை மணலில் புதைத்து, அதன்மேல் பெயரில்லாத ஓர் உருண்டைக் கல்லை வைத்துவிடுவோம். நாற்பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டோம். பூ, தண்ணீர், ஊதுபத்தி எல்லாம் கோயிலுக்கு மேலே பெயர் வெட்டிய கல்லுக்குத்தான். கரையில் யார் எங்கே கிடக்கிறார் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்வது அசிங்கம். இப்போதெல்லாம் அக்கரையில் எரித்துவிடுகிறோம், ஆனாலும் கரைக்குப் போவதில்லை.

கனெகிச்சி செத்தபோது எனக்கு ஒன்பது வயது. குழி வெட்டியது என் அப்பா. நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாய்ந்த பைன் மரத்தடி. யசுஹெய் அடக்கத்துக்கு வரவில்லை. அலுவலகத்தில் தணிக்கையாம். மூன்று நாள் கழித்து வந்து, மேலே கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த படகிலேயே போய்விட்டார்.

போன செப்டம்பரில் அடித்த புயல் மேற்குக் கரையை அரித்தது. யசுஹெய் தடியை ஊன்றிக்கொண்டு போனவர், மூச்சிரைக்க ஓடி வந்தார். படகுத்துறையில் டிக்கெட், பார்சல், தபால் மூன்றும் என் ஜன்னல்தான். அங்கே நாலு பேர் நின்றிருந்தோம். துணியைப் பிரித்து ஒரு தொடை எலும்பைக் காட்டினார். நடுவில் கோணல்.

"வாள்வெட்டு!" என்றார். "வெட்டுப்பட்டும் பிழைச்சு, இங்க வந்து ஒளிஞ்சிருக்காரு. பிரபுதான், சந்தேகமே இல்ல. பைன் மரத்தடியில முழுசாக் கெடக்காரு."

"அப்போ பிரபு நொண்டியா, வாத்தியாரே?" என்றான் ஒசமு.

"வாயக் கழுவுடா! எண்ணூறு வருஷத்துப் பெரியவரு!"

பைன் மரத்தடி என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. என்னோடு நின்ற கிழவர்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. ஒருவர் செருப்பைப் பார்த்தார், இன்னொருவர் கடலைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. வழக்கத்துக்காக என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அதுவல்ல. பெற்ற அப்பாவை அடையாளம் தெரியாமல் பிரபு என்று கும்பிடுகிற இந்தப் பெரிய மனுஷர் ஒருநாள் மூக்குடைபட்டு நிற்பதை நான் பார்க்க வேண்டும். அந்த ஆசைதான்.

அக்கரை அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து எலும்புகளைப் பெட்டியில் அடுக்கினார். யசுஹெய் கறுப்பு உடை போட்டு, தீவு முழுவதையும் துறைக்கு வரச்சொல்லி, இடுப்பு ஒடியக் குனிந்து வழியனுப்பினார். பார்சல் சீட்டில் உள்ளே என்ன என்று எழுத வேண்டும்.

"தைரா பிரபுன்னு எழுது, சுமியே. நல்ல கையெழுத்துல எழுது," என்றார்.

எழுதினேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. என் ஜன்னலிலேயே நின்று பிரித்துப் படித்தார். ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார், பிறகு என் பக்கம் தள்ளினார். எலும்பு அறுபது வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்க முடியாதாம். உறவினர் இருந்தால் கீழே எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள், திருப்பித் தந்துவிடுவார்களாம். இல்லையென்றால் நகரத்தின் அனாதைக் கல்லறையில் சேர்த்துவிடுவார்களாம்.

நான் காத்திருந்த நாள் வந்தேவிட்டது.

"அது உங்க அப்பா, தோகுரா-சான்," என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"கையில எடுத்த நிமிஷத்துலேர்ந்து. மலையில பாறை சரிஞ்சன்னைக்குக் காத்து அடிச்சுப் படகு வரல. ரெண்டு பலகைய வச்சு அவரு காலக் கட்டுனது நான். பதினாலு வயசு. எனக்குக் கட்டத் தெரியல. அதான் கோணலாயிருச்சு."

இத்தனை நாள் இவரை முட்டாள் என்று நினைத்திருந்தேன். முட்டாளை மன்னித்துவிடலாம்.

"தெரிஞ்சேவா பெட்டியில போட்டு அனுப்புனீங்க?"

"கல்லு உடைக்கிறவன வழியனுப்ப யாரு வருவா? பிரபுன்னதும் நாப்பது பேரும் வந்து நின்னீங்கல்ல? அவரு செத்தன்னைக்கு எத்தன பேரு வந்தாங்க?"

"நீங்களே வரலியே!"

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இப்பவாவது மகன்னு எழுதுங்க," என்றேன். "வியாழக்கிழமைப் படகுல வந்துருவாரு."

"எழுதுனா என் புத்தகம் என்னாவும்? ஒசமு சிரிச்சே செத்துருவான்."

"சிரிச்சுட்டுப் போறான். பெத்த அப்பா அனாதையாக் கெடக்கணுமா?"

"ஏன் சுமியே, குழி வெட்டுனது உங்க அப்பாதானே? உனக்கு எடம் தெரியும்ல? நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"கரையில கெடக்குறவங்க பேரச் சொல்ற வழக்கம் நமக்குக் கெடையாதே." தயாராக வைத்திருந்ததுபோல வந்துவிட்டது.

"அதேதான்," என்றார் அவர் நிம்மதியாக. "அப்பா மேல கோயில்கிட்ட இருக்காரு. தெனம் தண்ணி ஊத்துறேன், பூ மாத்துறேன். கரையில கெடந்தது வெறும் எலும்பு. நீயும் அப்படித்தானே உங்க அப்பாவ விட்டு வச்சிருக்க?"

சட்டைப்பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்தார், வாயால் ஊதினார், 'உறவினர் எவரும் இல்லை' என்ற கட்டத்தில் நேராக, மை கசியாமல் குத்தினார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

நான் அதைக் கிழித்திருக்கலாம். ஒசமுவைக் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால், இவ்வளவு நாள் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்கள். உறையை ஒட்டினேன், தபால் பையில் போட்டேன், பையை ஒசமுவிடம் கொடுத்தேன். படகு கிளம்பியதும், "வெட்கங்கெட்ட ஜென்மம்," என்று சத்தமாகவே திட்டினேன். யாரை என்று யாரும் கேட்கவில்லை.