ஸ்டம்ப் எகிறினாலும் நோ பால்

இன்னைக்கு திருவாரூர் பஸ்ல என் பக்கத்துல வந்து உக்காந்தவர் எங்க ஊர் மிராசுதார் மகன். இப்ப சென்னையில பேங்க் அதிகாரி.

போன்ல ஒரு வீடியோ காட்டினார். உலக சாதனையெல்லாம் முறியடிச்ச பேட்ஸ்மேன் ஓய்வு பெறுற விழா.

"பாருப்பா, சாதாரண வீட்டுப் பையன். கிரிக்கெட்ல மட்டும்தான் திறமையைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாங்க. நம்ம வயல்ல ஆடுனது ஞாபகமிருக்கா? என்னை அவுட்டாக்க ஆளே கிடையாது!"

மறக்குமா? அறுவடை முடிஞ்ச அவங்க வயல்தான் கிரவுண்டு. அங்க கூலி வேலை பாத்தவங்க பிள்ளைங்க நாங்க. பந்து போடலாம். வாய்க்கால்ல விழுந்தா இறங்கி எடுக்கலாம். மட்டையைத் தொடக்கூடாது. அம்பயர் அவங்க நிலபுலன் கணக்கு பாக்குற காரியக்காரர். நான் ஸ்டம்பை எகிற வெச்சாலும் நோ பால்.

"நல்லாதானே பந்து போடுவ, ஏன் விட்டுட்ட?"

"பேட்டிங் வரும் வரும்னு பாத்தேன், வரவே இல்லைங்க."

ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சார்.

இறங்குறப்ப, "அந்த வயலை உங்க அப்பாதானே வாங்கினார்? பொங்கலுக்கு வரேன், ஒரு மேட்ச் போடுவோம்"னார்.

"வாங்க. நான் பேட்டிங், நீங்க பந்து போடுங்க. அம்பயர் எங்க அப்பா"ன்னேன்.

சிரிப்பு நின்னுடுச்சு.

பொங்கலுக்கு மேட்ச் நடக்கும்னு நம்புறவங்க கை தூக்குங்க.