தெருவை ஓடவைத்த தாச்சி

நேற்று என் மகள் கைபேசி விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள்: "வாப்பா, துவக்குக் கிடைக்கல்ல, தாச்சிதான் கிடைச்ச! இதால அடிச்சே மூணு பேர விழுத்திட்டன்!" மீன் பொரிக்கிற அதே தாச்சிதான். அவள் ஓங்க, 'ணங்' என்றொரு சத்தம். சிரிக்கிறதா, எழும்பி ஓடுகிறதா என்று எனக்கு விளங்கவில்லை.

ஏனென்று கேளுங்கள். யுத்தம் முடிந்த காலம், கல்முனையில் கடற்கரைப் பக்கமாக ஒரு கேம் கடை வைத்திருந்தேன். பழைய கொம்பியூட்டர் மூன்று. முதலாளியும் நான்தான், கூட்டுகிறவனும் நான்தான். தெருமுனையில் ஆமிக்காரரின் செக்பொயின்ட். கடைக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டால் என்ன ஆகும்! அதனால் ஒரு சட்டம் போட்டேன்: செத்தவர்கள் எழும்பி வருகிற ஸோம்பி விளையாட்டில் யாரும் சுடக்கூடாது, தாச்சியால்தான் அடிக்க வேண்டும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவும் ஒரு சட்டம் போட்டிருந்தது. கடல் ஏறினால் கரையோரத்து வீட்டார் தாச்சியில் தட்டகப்பையால் தட்ட வேண்டும், கேட்டவர்கள் ஓட வேண்டும். அது என் மூளைக்கு எட்டவில்லை, பாருங்கள்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். 'ணங்', 'ணங்' என்று தாச்சிச் சத்தம் தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு ஹைருன் ராத்தா, எங்களுக்கெல்லாம் அக்கா போல, சுனாமியில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு செக்பொயின்டைப் பார்த்து ஓடினார். ஆமிக்காரன் சிங்களத்தில் நிற்கச் சொல்லித் துவக்கை நீட்டினான். இடுப்புச் சாரனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான்: "ராத்தா, கேம் ராத்தா, கேம்!" அவர் நிற்கவில்லை. "கடல்! கடல்!" என்றார். அந்தத் தமிழ் மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. துவக்கு தாழ்ந்தது. "கடல் வருதா?" என்று சிங்களத்தில் என்னைக் கேட்டான். அவனும் ஓடத் தயாராய் நின்றான்.

கடல் வரவில்லை என்று விளங்கியதும் ராத்தா திரும்பி வந்து என் கடைப்படியில் இருந்தார். ஏசுவார் என்று பார்த்தேன்.

"மனே, இனி இந்தச் சத்தம் கேட்டா கேம் எண்டு சும்மா இருந்துருவன். மெய்யா வந்தா எப்படி அறியிற?"

"சத்தத்த நிப்பாட்டிர்ரன் ராத்தா."

"ஓம், நிப்பாட்டு. ஆனா என்ட காதுக்குள்ள போயிட்டே."

அன்றிலிருந்து என் கடையில் ஊமை விளையாட்டு. ஊமைக் கடைக்கு யார் வருவார்? பூட்டினேன். ராத்தா மகளோடு வயல்பக்கத்து வீட்டுத்திட்டத்துக்குப் போய்விட்டார். செக்பொயின்டையும் எடுத்துவிட்டார்கள். கரையோரத்து வீட்டார் திக்குக்கு ஒருவராய்ப் போய்விட்டார்கள். அந்த நாளில், கடல் ஏறினால் எந்த வீட்டில் முதலில் தட்டுவார்கள் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். இன்றைக்கு என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது.